கணக்கைப் பூட்டிய பிறகும் மகளின் செல்லப்பெயர் வெளியே போனது எப்படி?

கேள்வி: எனக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்கு 12 வயது, சின்னவளுக்கு 7. போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சின்னவளை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, ‘கீழே விழுந்து அடிபட்டுவிட்டாள், சிகிச்சைக்கு உடனே பணம் அனுப்புங்கள்’ என்றார்கள். சந்தேகப்பட்டு, என்னிடம் இருந்த பள்ளி எண்ணுக்குப் பேசினேன். குழந்தை வகுப்பில் நன்றாகத்தான் இருந்தாள். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் என் பேஸ்புக் கணக்கு நண்பர்களுக்கு மட்டும்தான், இன்ஸ்டாகிராமும் பிரைவேட். பிறகு எப்படி இதெல்லாம் தெரிந்தது? என் நாத்தனார் குழந்தைகளின் படங்களை அடிக்கடி போடுவார். வேண்டாம் என்றால் மனம் வருந்துவார். பெரியவளோ ‘என் போட்டோவை யாருமே போடக் கூடாது’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பதற்றத்திலும் உங்களிடம் ஏற்கெனவே இருந்த எண்ணில் பள்ளிக்குப் பேசினீர்களே, அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். வந்த எண்ணுக்கே திருப்பி அழைத்திருந்தாலோ, அவர்கள் கொடுத்த ‘டாக்டர் நம்பரில்’ பேசியிருந்தாலோ அதே கும்பலின் இன்னொரு ஆள்தான் எடுத்திருப்பான். ஓடிபி எதுவும் சொல்லவில்லை, அவர்கள் சொன்ன ஆப் எதையும் போனில் ஏற்றவில்லை என்றால் பாஸ்வேர்டுகளையெல்லாம் அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கணக்குக்குள் யாரும் நுழைந்ததாகத் தெரியவில்லை. வெளியே ஆளுக்கொரு இடத்தில் கிடந்ததைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

கணக்கை பிரைவேட் ஆக்கினால் நீங்கள் போடுவது மட்டும்தான் பூட்டப்படும். உங்களைப் பற்றி மற்றவர்கள் போடுவது பூட்டப்படாது. அடுத்தவர் பதிவின் கீழே நீங்கள் எழுதும் கமெண்டும் பூட்டப்படாது. பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் கமெண்டைத்தான். ஒரு பதிவை யாரெல்லாம் பார்க்கலாம் என்று அதைப் போட்டவர் வைத்திருக்கிறாரோ, அந்த அளவுதான் அதன் கீழே உள்ள கமெண்டுகளுக்கும். நாத்தனார் பொதுப் பதிவாக ஒரு பிறந்தநாள் படம் போடுகிறார். அதற்குக் கீழே நீங்கள் ‘தேங்க்ஸ் அண்ணி, பள்ளியிலிருந்து வந்ததும் காட்டுகிறேன், குதிக்கப் போகிறாள்’ என்று எழுதுகிறீர்கள். உங்கள் கணக்குக்கு எத்தனை பூட்டு போட்டிருந்தாலும் அந்த வரியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் பெயரைத் தொட்டால் உங்கள் பக்கத்துக்கும் வரலாம்.

அப்படி ஒரு பிறந்தநாள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேக்கின் மேல் குழந்தையின் பெயரும் 7 என்ற மெழுகுவத்தியும். பதிவின் மேலே தேதி. இரண்டையும் கழித்தால் பிறந்த தேதி, மாதம், வருடம் மூன்றும் கையில். பின்னால் நாற்காலியில் பள்ளிப் பை, அதில் பள்ளியின் சின்னம். மேஜை ஓரத்தில் பிரிக்காத ஒரு பார்சல்; அதன் லேபிளைப் பெரிதாக்கினால் முகவரியும் போன் எண்ணும். கமெண்டில் பெரியம்மா செல்லப்பெயர் சொல்லி வாழ்த்துகிறார், மாமா ‘இரண்டாம் வகுப்பு வந்தாச்சு’ என்கிறார். படத்தில் உங்களை டேக் செய்திருப்பதால், அதாவது உங்கள் கணக்கின் பெயரை இணைத்திருப்பதால், அம்மா யார் என்பதும் தெரிகிறது. இதில் எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் ரகசியம் இல்லை. உங்களிடம் பேசியவனுக்குத் தேவைப்பட்டதும் இவ்வளவுதான்.

முதலில் எது எங்கே தெரிகிறது என்று வெளியாள் கண்ணால் பாருங்கள். பேஸ்புக்கில் உள்ள ‘வியூ ஆஸ்’ வசதி உங்கள் பக்கத்தை மட்டும்தான் காட்டும், அதனால் அதோடு நிற்க வேண்டாம். பிரவுசரில் இன்காக்னிடோ ஜன்னலைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், உங்கள் பெயர், கணவர் பெயர், போன் எண், குழந்தைகளின் முழுப்பெயர், செல்லப்பெயரோடு சேர்ந்த குடும்பப் பெயர் என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அப்படியே சேர்ந்து வரும் இடங்கள் மட்டும் வரும். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டும். பிறகு ஒரு நெருங்கிய தோழியின் போனை வாங்கி, அவர் கணக்கிலிருந்து நாத்தனார் பக்கத்தையும் மற்ற உறவினர்கள் பக்கங்களையும் பாருங்கள். அந்தத் தோழி உங்கள் குடும்பத்தாரோடு நட்பில் இல்லாதவராக இருக்க வேண்டும். இருந்தால் பொதுவில் தெரிவது எது என்று பிரித்தறிய முடியாது. கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாத்தனாரிடம் பேசும்போது பொதுவாகக் குறை சொல்வதைவிட, ‘இந்தப் படத்தில் பையைப் பாருங்களேன்’ என்று காட்டுவது எளிது.

இனி உங்கள் பக்கம். மெனுக்களின் இடம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸ் உள்ளே இருக்கும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுங்கள். பேஸ்புக்கில் முதல் வேலை ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’. நண்பர்களுக்கு மட்டும் என்று நீங்கள் எப்போது மாற்றினீர்களோ, அதற்கு முன்னால் போட்டவை பழைய நிலையிலேயே கிடக்கும். இது பொதுவாகவும், நண்பர்களின் நண்பர்களுக்காகவும் இருந்த பழைய பதிவுகளையெல்லாம் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கிவிடும். மொத்தமாகத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது, ஆனால் அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு படத்தில் நீங்கள் யாரையாவது டேக் செய்திருந்தால் அவரும் அவர் நண்பர்களும் அதைத் தொடர்ந்து பார்க்கக்கூடும். நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட படத்தில் ஐந்து பேரை டேக் செய்தால் அந்த ஐவரின் நண்பர்கள் கூட்டமும் உள்ளே வந்துவிடுகிறது. குழந்தைகள் இருக்கும் படத்தில் டேக் செய்வதையே விட்டுவிடுங்கள்.

கவர் போட்டோ என்ன செய்தாலும் எல்லோருக்கும் தெரியும், அதைப் பூட்ட வழி இல்லை. புரொஃபைல் படத்தின் சின்ன வடிவமும் அப்படியே. அங்கே குடும்பப் படம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். பழைய கவர் படங்கள் தனி ஆல்பத்தில் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து ‘ஒன்லி மீ’ ஆக்கலாம். நண்பர்கள் பட்டியலையும் ‘ஒன்லி மீ’ ஆக்குங்கள். உறவினர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்கும் சாவி அது. புரொஃபைலில் ‘குடும்ப உறவுகள்’ என்ற பகுதியில் மகள், அக்கா, கணவர் என்று இணைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மோசடிக்காரனுக்கு நாமே குடும்ப மரம் வரைந்து கொடுப்பானேன்?

போன் எண்ணை வைத்து உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் அதிகமான பேஸ்புக் பயனர்களின் போன் எண்களும் பெயர்களும் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. 106 நாடுகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். போன் தொடர்புகளை வைத்து நண்பர்களைத் தேடும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தி, 2019-க்குள் எடுத்த விவரங்கள் அவை. எண் மாற்றாத பெரும்பாலோருக்கு அந்தப் பட்டியல் இன்றும் செல்லுபடியாகும். உங்களுக்கு வந்த அழைப்பிலும் எண்ணையும் பெயரையும் முடிச்சுப் போட அப்படி ஏதோ ஒன்று உதவியிருக்கலாம்.

டேக் விஷயத்தில் ஒரு தவறான நிம்மதி உண்டு. ‘டைம்லைன் ரிவ்யூ’வை இயக்கினால், உங்களை டேக் செய்த பதிவு நீங்கள் அனுமதித்த பிறகுதான் உங்கள் பக்கத்தில் வரும். உங்கள் பக்கத்தில் மட்டும்தான். நாத்தனார் பக்கத்தில் அது முதல் நொடியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். இயக்கி வைப்பது நல்லது, ஆனால் அது வேலியல்ல. டேக்கை எடுத்துவிட்டால் படத்துக்கும் உங்களுக்கும் உள்ள இணைப்பு போகும், படம் போகாது.

இன்ஸ்டாகிராமில் பிரைவேட் ஆக்குவதற்கு முன்பே சேர்ந்த ஃபாலோயர்கள் அப்படியே இருப்பார்கள். பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்து, முகம் நினைவுக்கு வராதவர்களை ‘ரிமூவ்’ செய்யுங்கள். அவர்களுக்குத் தகவல் போகாது. பிரைவேட் கணக்கிலும் புரொஃபைல் படமும், பெயருக்குக் கீழே எழுதும் அறிமுக வரிகளான பயோவும் எல்லோருக்கும் தெரியும். பயோவில் ‘இரண்டு தேவதைகளின் அம்மா’ என்று எழுதி அவர்கள் பெயர்களையும் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்தான் குடும்பங்களில் பெரிய ஓட்டை, அதைச் சமூக ஊடகம் என்றே பலர் நினைப்பதில்லை. மாற்றாதவரை, உங்கள் எண் தெரிந்த எவரும் புரொஃபைல் படத்தைப் பார்க்கலாம். பிரைவசி பகுதியில் அதை ‘மை காண்டாக்ட்ஸ்’ என்று வைப்பார்கள். நம் காண்டாக்ட்ஸில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்: எப்போதோ வந்த குழாய் ரிப்பேர்காரர், வீடு பார்க்கப்போன தரகர், ஒரே முறை பேசிய டிரைவர். ‘மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்’ போட்டு அவர்களை விலக்குங்கள். அல்லது குழந்தை படமே டிபியில் வேண்டாம், அது இன்னும் சுலபம். ஸ்டேட்டஸுக்கு ‘ஒன்லி ஷேர் வித்’ என்று இருபது முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். இந்த மாற்றம் இனி போடும் ஸ்டேட்டஸுக்குத்தான், ஏற்கெனவே போட்டதற்குப் பொருந்தாது. ‘குரூப்ஸ்’ என்ற இடத்திலும் மாற்றி வைத்தால் முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் குழுவில் இழுத்துப் போட முடியாது. குழுவில் சேர்ந்துவிட்டால் உங்கள் எண் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரியும். பள்ளி வகுப்புக் குழுவில் எல்லா அம்மாக்களின் எண்களும், பிள்ளைகளின் பெயர்களும், வகுப்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதிலிருக்கும் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் பறிபோனாலும் மொத்தப் பட்டியலும் போயிற்று.

அப்படிப் பறிபோவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ‘தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு 6 இலக்கக் கோடு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். அது உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறப்பதற்கான கோடு. கொடுத்தால் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும், அடுத்து உங்கள் பெயரில் உங்கள் குழுவினரிடம் கேட்பார்கள். ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ பகுதியில் நீங்களே ஒரு 6 இலக்கப் பின் வைத்துவிட்டால் வந்த கோடு மட்டும் தெரிந்து பயனில்லை. அந்தப் பின் எண் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம், மீட்பு மின்னஞ்சலையும் சேருங்கள். ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்பதைத் திறந்து, அலுவலகக் கணினியிலோ பழைய டேப்லெட்டிலோ இன்னும் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வகுப்புக் குழுவில் இதை நீங்களே ஒரு செய்தியாகப் போட்டால் மற்றவர்களுக்கும் உதவும்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரத்தைப் பற்றி அரைகுறையாகப் பலர் பயப்படுகிறார்கள், அதனால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். போன் கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த நேரம், போன் மாடல் ஆகியவற்றோடு எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் படக் கோப்பிலேயே எழுதப்படும். திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியத்தில் வீட்டையே காட்டும். பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பிறர் பார்க்கும் பிரதியிலிருந்து இதை நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினாலும் நீங்கிவிடும். ஆனால் தெளிவு குறையக் கூடாது என்று ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், இருப்பிடமும் கூடவே போகும். மின்னஞ்சலிலும் அதே கதை. பழைய சாமானை விற்க வீட்டில் எடுத்த படத்தை மின்னஞ்சலில் அனுப்புவது இப்படித்தான் வினையாகிறது.

ஐபோனில் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘லொகேஷன் சர்வீசஸ்’, ‘கேமரா’ என்று போய் ‘நெவர்’ கொடுத்தால் இனி எடுக்கும் படங்களில் இருப்பிடம் பதியாது. ஆண்ட்ராய்டில் கேமரா ஆப்பின் செட்டிங்ஸிலேயே ‘லொகேஷன் டேக்’ அல்லது ‘சேவ் லொகேஷன்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். முன்பே எடுத்தவற்றில் இருப்பிடம் இருக்கத்தான் செய்யும். ஐபோனில் அவற்றை அனுப்பும்போது, ஷேர் திரையின் மேலே உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு ‘லொகேஷன்’ அணைத்துவிட்டு அனுப்பலாம்.

மறைப்பதிலும் கோட்டை விடுவார்கள். முகவரியின் மேல் கறுப்பு ஹைலைட்டரால் இரண்டு கோடு இழுத்துவிட்டு மறைத்ததாக நினைக்கிறோம். அந்தப் பேனா பாதி ஒளி ஊடுருவும். படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் எழுத்து எட்டிப் பார்க்கும். முழுதாக நிரப்பிய கட்டத்தை வைத்து மூடுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டியே எறியுங்கள். வெட்டுவதிலும் ஒரு சங்கடம் நடந்தது. கூகுள் பிக்சல் போன்களின் எடிட்டரில் வெட்டிய ஸ்க்ரீன்ஷாட்டுகளிலிருந்து வெட்டுப்பட்ட பகுதியை மீட்க முடியும் என்று 2023-ல் தெரியவந்தது. கருவியைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பியவை அப்படியேதான் உலவுகின்றன. எதையாவது மறைத்தால், மறைத்த படத்தைத் திரையில் வைத்துப் புதிதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள், அவ்வளவுதான். போர்டிங் பாஸை மட்டும் எப்போதும் போட வேண்டாம். 2020-ல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் இன்ஸ்டாகிராமில் போட்ட போர்டிங் பாஸில் இருந்த முன்பதிவு எண்ணையும் பெயரையும் வைத்தே, ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்வரை எட்டிப் பார்த்துவிட்டார்.

இனி நாத்தனார். பதிவின் கீழே கமெண்டில் எதுவும் எழுத வேண்டாம், குடும்பக் குழுவிலும் வேண்டாம். நாலு பேர் முன்னால் சொன்னதாகிவிடும். நேரில் அல்லது போனில், வந்த அழைப்பிலிருந்து தொடங்குங்கள். ‘அண்ணி, குழந்தை அடிபட்டுவிட்டாள் என்று ஒருவன் போன் செய்தான், எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் செல்லப்பெயரே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் பக்கத்திலும் நிறைய இருந்தது. உங்கள் பக்கத்தில் நாலு படம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது, அதை மட்டும் நண்பர்களுக்கு என்று மாற்ற முடியுமா?’ உங்கள் பக்கத்திலும் தவறு இருந்தது என்று முதலில் சொல்வது முக்கியம். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லாமல், இன்னின்ன படம் என்று எண்ணிச் சொல்வதும் முக்கியம். பலருக்கு மாற்றத் தெரியாது, அதைச் சொல்லக் கூச்சம். கூடவே உட்கார்ந்து செய்து கொடுத்தால் பத்து நிமிட வேலை.

அத்தைக்குக் குழந்தைகளைப் பார்க்கவும் காட்டவும் ஆசை இருக்கும், அது நியாயம்தானே? அதற்கு வேறு வழி கொடுங்கள். கூகுள் போட்டோஸில் அல்லது ஐகிளவுடில் ஒரு பகிர்ந்த ஆல்பம் தொடங்கி, நெருங்கியவர்களை மட்டும் அவர்கள் கணக்கின் வழியாகச் சேருங்கள். லிங்க் மூலம் பகிரும் வசதியை அணைத்து வையுங்கள். லிங்க் கிடைத்தவர் யாரும் நுழையலாம் என்றால் அது குடும்ப ஆல்பமே அல்ல. அதில் இருப்பதை வெளியே போடும் முன் கேட்க வேண்டும் என்பது ஒன்றே விதியாக இருக்கட்டும். முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்தவை, கைகள் மட்டும் தெரிபவை என்று சிலவற்றை ‘இதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் இன்னும் சுமுகம்.

பேசிப் பார்த்தும் அசையாவிட்டால், 13 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் படத்தை நீக்கக் கோர பெற்றோருக்கென்று பேஸ்புக்கில் தனிப் படிவம் உண்டு. உறவுக்குள் அதைக் கடைசிக் கட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 13 ஆனபிறகு புகாரைப் பிள்ளையே கொடுக்க வேண்டும், பெரியவளுக்கு அது வெகு தூரத்தில் இல்லை.

பெரியவள் சொல்வதுதான் இந்தக் கடிதத்திலேயே மிகத் தெளிவான வாக்கியம். பிரான்ஸில் 2024 பிப்ரவரியில் வந்த சட்டம் ஒன்று, குழந்தையின் படத்தின் மீதான உரிமையைத் தாயும் தந்தையும் சேர்ந்து காக்க வேண்டும் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தையைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் 12 வயதுப் பெண்ணைக் கேட்காமல் போட வேண்டிய படம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து உங்கள் பழைய பதிவுகளைப் பாருங்கள். அவள் ‘எடு’ என்றால் எடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். உங்களுக்கு நினைவாக வேண்டுமென்றால் போனில் சேமித்துக்கொண்டு இணையத்திலிருந்து நீக்குங்கள். குளிக்கும் படம், அழும் படம், மதிப்பெண் அட்டை, நோய் விவரம் இவை நான்கும் அவள் சொல்லாவிட்டாலும் போகட்டும்.

அவள் தனக்கென ஒரு கணக்கு கேட்கும் நாளும் வரும். பிறந்த வருடத்தைக் கூட்டிக் கொடுத்துத் திறக்க விடாதீர்கள். 10 வயதில் 18 என்று கொடுத்த பிள்ளையை 12 வயதில் அந்தத் தளம் 20 வயதுக்காரியாக நடத்தும். 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த டீன் கணக்கில், கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், அந்நியர் செய்தி அனுப்புவது கட்டுப்படும், 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் அனுமதியின்றித் தளர்த்த முடியாது. பொய் வயது இவை அத்தனையையும் ரத்து செய்துவிடும்.

அந்த அழைப்பு திரும்ப வரலாம். அடுத்த முறை குழந்தையின் குரலிலேயேகூட வரலாம், சில நொடி வீடியோவிலிருந்து குரலை நகலெடுக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். செல்லப்பெயரோ பிறந்த தேதியோ வளர்ப்பு நாயின் பெயரோ வேண்டாம், எங்கும் எழுதாத, சம்பந்தமில்லாத ஒரு சொல். அவசரம் என்று யார் பேசினாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். சின்னவளுக்கும் அது தெரிய வேண்டும், ‘அம்மா கூட்டிவரச் சொன்னார்’ என்று யாராவது வந்தால் அவள் கேட்க வேண்டியதும் அதைத்தான். வந்த எண், நேரம், சொன்ன வாசகங்கள் மூன்றையும் குறித்துவைத்துச் சைபர் குற்றப் பிரிவில் ஒரு புகார் கொடுங்கள். பள்ளிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பள்ளியின் சொந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் படமும் பெயரும் வகுப்பும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் கூகுளில் தேடினால் நீக்கிய படம் சில நாள் தலைகாட்டும். மூலப் பக்கத்தில் உண்மையிலேயே போய்விட்டது என்றால், காலாவதியான முடிவுகளை நீக்க கூகுளில் உள்ள படிவத்தில் அந்த முகவரியை ஒட்டி அனுப்பினால் போதும். மூலப் பக்கத்தில் படம் இன்னும் இருந்தால் அந்தப் படிவம் வேலை செய்யாது. அதற்கு வேறு படிவம்: 18 வயதுக்கு உட்பட்டவரின் படத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கும்படி பிள்ளையோ பெற்றோரோ கேட்கலாம். அது தேடலில் வருவதை மட்டும்தான் நிறுத்தும், படம் அந்தத் தளத்திலேயே இருக்கும். அதனால் தளத்தை நடத்துபவருக்கும் தனியாக எழுதுங்கள்.